விமானத்தில் எனர்ஜி டிரிங்க்: எந்தப் பையில் வைப்பது, எப்படிக் கட்டுவது, எப்போது குடிப்பது

எனர்ஜி டிரிங்க் விமானத்தில் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. ரெட் புல், மான்ஸ்டர், ஸ்டிங் எதுவானாலும் கொண்டு போகலாம். அப்படியிருந்தும் செக்யூரிட்டி மேசைக்குப் பக்கத்துத் தொட்டியில் திறக்காத டின்கள் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த டின் எந்தப் பையில் இருந்தது என்பதுதான் காரணம். செக்-இன் பெட்டிக்குள் இருந்தால் ஒரு டஜன்கூடத் தாராளமாகப் போகும். வெளிநாட்டுப் பயணத்தில் தோளில் மாட்டிய பைக்குள் இருந்தால் ஒன்றுகூடப் போகாது.

அதனால் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வழியில் குடிக்க ஒரே ஒரு டின் வேண்டுமென்றால், அதை வீட்டிலிருந்து சுமக்கவே வேண்டாம். செக்யூரிட்டி தாண்டி உள்ளே வாங்கலாம், அல்லது கீழே சொல்லியிருக்கும் பொடி, மாத்திரை வழியில் போகலாம். ஊருக்கோ நண்பர்களுக்கோ பத்துப் பன்னிரண்டு டின் கொண்டு போவதென்றால் செக்-இன் பெட்டிதான். அதைக் கட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

100 மி.லி. என்பது பாத்திரத்தின் அளவு

வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் வைக்கும் திரவம் 100 மி.லி.க்கு மிகாத பாட்டிலில் இருக்க வேண்டும். அந்தப் பாட்டில்கள் எல்லாம் திரும்பத் திரும்பத் திறந்து மூடக்கூடிய ஒரு லிட்டர் ஒளிபுகும் கவருக்குள் அடங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கவர். இந்தியா, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், அமெரிக்கா எங்கும் அடிப்படை இதுதான். அமெரிக்காவில் இதையே 3.4 அவுன்ஸ் என்பார்கள்.

பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். 250 மி.லி. ஸ்டிங் பாட்டிலில் முக்கால்வாசியைக் குடித்துவிட்டு, "அறுபது எழுபது மில்லிதானே மிச்சம்" என்று பையில் போட்டுக்கொள்வார்கள். அதிகாரி பார்ப்பது உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அல்ல, பாட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதை. லேபிளில் 250 என்று இருந்தால் அது 250 மி.லி. பாட்டில்தான். அடியில் ஒரு வாய் மிச்சமிருந்தாலும் வெளியே எடுத்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் வழக்கமான எந்த டின்னும் தேறாது. ரெட் புல்லின் வழக்கமான டின்னே 250 மி.லி. இந்தியாவில் விற்கும் மான்ஸ்டர் 350, அமெரிக்காவில் விற்பது 473. தேறுவது சின்னச் சின்ன 'ஷாட்' பாட்டில்கள் மட்டும். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் ஃபைவ் அவர் எனர்ஜி 57 மி.லி. ஒரு லிட்டர் கவரில் ஆறேழு பாட்டில் அடங்கும். ஆனால் உங்கள் டூத்பேஸ்ட், முகத்துக்குப் போடும் கிரீம், தேங்காய் எண்ணெய் எல்லாம் அதே கவருக்குள்தான் இடம் பிடிக்க வேண்டும். கவரை இழுத்து மூட முடியாவிட்டால் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

டின்னை உடைத்து மூன்று 100 மி.லி. பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போகலாமா? விதிப்படி போகலாம். ஆனால் வாயு போய்ச் சப்பென்று ஆகிவிடும். மிச்சமிருக்கும் வாயு மூடியைத் தள்ளும். அப்படியே செய்வதானாலும் ஊற்றிய பிறகு ஒரு மணி நேரம் திறந்து வைத்து வாயுவைப் போகவிட்டு, முக்கால் பாகம் மட்டும் நிரப்பி மூடுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதிகாரிகள் ஏன் சீல் உடைக்காத டின்னையும் நம்ப மறுக்கிறார்கள் என்பது புரியும். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களைத் தகர்க்கத் தீட்டிய சதியை பிரிட்டிஷ் போலீஸ் முறியடித்தது. திரவ வெடிபொருளைச் சதிகாரர்கள் நிரப்பத் திட்டமிட்டது சாதாரணக் குளிர்பான பாட்டில்களில். அவற்றில் ஒன்று லூகோசேட், அதாவது ஓர் எனர்ஜி டிரிங்க். மூடியின் சீலை உடைக்காமலே உள்ளே இருப்பதை மாற்றுவதுதான் அந்தத் திட்டம். "கடையில் வாங்கியது சார், சீல்கூட உடைக்கவில்லை" என்ற வாதம் அந்த மேசையில் எடுபடாமல் போவது அதனால்தான்.

உள்நாட்டு விமானத்தில் நிலைமை வேறு

சென்னையிலிருந்து மதுரைக்கோ டெல்லிக்கோ போகும்போது தண்ணீர் பாட்டிலோடு செக்யூரிட்டியைக் கடப்பது அன்றாடம் நடக்கிறது. மூடி திறக்காத குளிர்பானத்தையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இதை உரிமை என்று நினைத்து வாதாட வேண்டாம். கடைசிச் சொல் அங்கே நிற்கும் சிஐஎஸ்எஃப் வீரருடையது. சந்தேகம் வந்தால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வதும் உண்டு. பிளாஸ்டிக் பாட்டில் என்றால் குடித்துக் காட்டிவிட்டு மூடிப் பையில் வைக்கலாம். டின் என்றால் அங்கேயே உடைத்து முழுவதையும் குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். ஆகவே உள்நாட்டுப் பயணத்துக்கு மூடி போட்ட பாட்டிலே நல்லது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து சிங்கப்பூர் போகிறீர்கள் என்று வையுங்கள். மதுரையில் சிரித்த முகத்தோடு விட்ட பாட்டிலைச் சென்னையில் பன்னாட்டு முனையத்துச் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள். பயணத்தில் எந்த ஒரு கட்டம் வெளிநாட்டுக்கானதோ அந்தக் கட்டத்தின் விதிக்கே பையைத் தயார் செய்யுங்கள்.

செக்யூரிட்டிக்குப் பிறகு வாங்கினாலும் ஆபத்து உண்டு

'உள்ளே வாங்கியதை யாரும் கேட்க மாட்டார்கள்' என்பது பாதி உண்மை. எந்த விமான நிலையம் என்பதைப் பொறுத்தது.

சிங்கப்பூர் சாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1, 2, 3-ஆம் முனையங்களில் பைச் சோதனை நடப்பது இமிகிரேஷனில் அல்ல, விமானம் ஏறும் கேட்டின் வாசலில். இமிகிரேஷன் தாண்டி, கடைத்தெரு மாதிரி விரிந்திருக்கும் பகுதியில் ஆற அமர ஒரு டின் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனால், அங்கே அது பறிபோகும். 4-ஆம் முனையத்தில் மட்டும் சோதனை முன்னாலேயே முடிந்துவிடும். 1, 2, 3-இலிருந்து கிளம்புபவர்கள் கேட்டுக்குள் நுழையும் முன் குடித்து முடித்துவிட வேண்டும். சிங்கப்பூர் முஸ்தபா கடையில் டஜன் கணக்கில் வாங்கியவர்கள் அதைச் செக்-இன் பெட்டியில் போட்ட பிறகே கவுன்டருக்குப் போக வேண்டும். பெட்டியைக் கொடுத்த பிறகு 'இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று திரும்பிப் போவது எல்லா நேரமும் நடக்கிற காரியம் அல்ல.

அபுதாபி வழியாக அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்க இமிகிரேஷன், கஸ்டம்ஸ், பைச் சோதனை எல்லாம் அபுதாபியிலேயே முடிந்துவிடும். அந்தச் சோதனைக்கு முன்னால் வாங்கிய பானம் அதைத் தாண்டாது.

டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் திரவத்தை உள்ளே ரசீது தெரியும்படி வைத்து, பிரித்தால் தெரிந்துவிடும் சீல் கவரில் போட்டுத் தருவார்கள். அதைக் கடைசி ஊர் சேரும் வரை பிரிக்கக் கூடாது. சாதாரண டீக்கடை, பெட்டிக்கடை மாதிரியான கடைகளில் வாங்கும் டின்னுக்கு அந்தக் கவர் கிடைக்காது. மற்ற நாடுகளிலிருந்து அமெரிக்காவின் முதல் விமான நிலையத்தில் இறங்குபவர்கள் அங்கே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் முடித்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கையில் திரவம் இருந்தால் பெட்டியை ஒப்படைக்கும் முன் அதற்குள் வைத்துவிடுங்கள். அடுத்த உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் சோதனை உண்டு.

பையின் உட்பகுதியை முப்பரிமாணத்தில் காட்டும் புது ஸ்கேனர்கள் வந்த சில இடங்களில் 100 மி.லி. கட்டுப்பாடே தளர்ந்துவிட்டது. பிரிட்டனில் எடின்பரோவும் பர்மிங்காமும் 2025 ஜூலையில் 2 லிட்டர் வரை அனுமதித்தன. போகும்போது அங்கே விட்டார்களே என்று திரும்பும்போதும் அதே மாதிரிக் கட்டினால், இடையில் மாறும் விமான நிலையத்தில் பழைய விதி காத்திருக்கும். வழியில் இருக்கும் நிலையங்களிலேயே எது கண்டிப்பானதோ அதற்கேற்பக் கட்டுவதுதான் சரி.

பொடி, மாத்திரை, ஜெல்

கைப்பையில் கொண்டுபோக மிகச் சுலபமானது தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை. குழாய் மாதிரியான டப்பாவில் வரும். திடப்பொருள் என்பதால் திரவ விதி தொடாது. அடுத்தது ஒருமுறைக்கான பொடி சாஷே. காலி பாட்டிலோடு செக்யூரிட்டியைக் கடந்து, உள்ளே குடிநீர்க் குழாயில் பிடித்து, பொடியைப் போட்டுக் குலுக்கினால் வேலை முடிந்தது. குளிர்ந்த நீரில் பொடி கட்டிகட்டும். பாட்டிலில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு பொடி, நன்றாகக் குலுக்கிய பிறகு மீதித் தண்ணீர் என்ற வரிசையில் போனால் கட்டி விழாது.

பொடியை வீட்டு ஜிப்லாக் கவரில் மாற்றிக் கொட்டிக்கொண்டு போக வேண்டாம். பெயரில்லாத வெள்ளைப் பொடி எந்த நாட்டுச் சோதனையிலும் அரைமணி நேரத்தைத் தின்றுவிடும். கம்பெனி பாக்கெட்டிலேயே இருக்கட்டும். அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் 2018 ஜூன் 30 முதல் 350 மி.லி. கொள்ளளவுக்கு மேற்பட்ட பொடிக்குத் தனிச் சோதனை உண்டு. ஒரு சாதாரண குளிர்பான டின் அளவு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடியின் பெரிய டப்பா நிச்சயம் அதைத் தாண்டும். அது செக்-இன் பெட்டிக்கு.

ஓட்டப்பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் எனர்ஜி ஜெல் திரவக் கணக்கில்தான் வரும். ஒரு பாக்கெட் 32 கிராம் மாதிரி இருப்பதால் அளவு பிரச்சினை இல்லை, ஆனால் ஒரு லிட்டர் கவருக்குள் இருக்க வேண்டும். மாரத்தானுக்குப் போகிறவர் இருபது பாக்கெட்டைக் கைப்பையில் திணித்தால் பாதி அங்கேயே நின்றுவிடும்.

பெட்டிக்குள் டின் வெடிக்குமா

எல்லோரும் பயப்படுவது உயரத்தைப் பார்த்து. உண்மையில் டின்னுக்கு எதிரி வெயிலும் அடியும்தான்.

பயணிகள் ஜெட் விமானத்தில் பெட்டிகள் இருக்கும் கீழ்த்தளமும், நீங்கள் உட்காரும் இடத்தைப் போலவே காற்றழுத்தம் ஏற்றப்பட்டதுதான். அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் நிற்பது மாதிரி. ஊட்டி தொட்டபெட்டா உச்சி 8,600 அடிக்கு மேல். அங்கே கடையில் விற்கும் சோடா டின்கள் ஒன்றும் வெடித்துவிடுவதில்லை அல்லவா? கணக்காகச் சொன்னால், கடல்மட்டத்தில் ஒரு வளிமண்டலம் என்றால் விமானத்துக்குள் சுமார் முக்கால். டின்னுக்குள் வாயு தள்ளும் அழுத்தம் அறை வெப்பத்தில் வெளியைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். ஏறக்குறைய ஆறு வளிமண்டல அழுத்தம் வரை தாங்கும்படி டின்னைச் செய்கிறார்கள். வெளியில் கால் வளிமண்டலம் குறைவதை ஒரு நல்ல டின் பொருட்படுத்தாது.

வெயில் அப்படி அல்ல. சூடேறினால் பானத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி மேலே சேரும். வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும்போது அழுத்தம் டின்னின் தாங்குதிறனை நெருங்கத் தொடங்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மத்தியான வேளையில் சென்னையில் வாடகைக் காரின் டிக்கியில் இரண்டு மணி நேரம் கிடந்த பெட்டியும், ஓடுபாதைப் பக்கத்தில் திறந்த டிராலியில் நின்ற பெட்டியும் இந்த எல்லைக்குப் போகும். துபாய், தோஹா கோடையிலும் இதே கதைதான்.

ஒரு டின்னைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடிப்பகுதி உள்நோக்கிக் குழிந்த கிண்ணம் போல இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது அந்த வளைவுதான். அளவு மீறினால் முதலில் அந்தக் குழி வெளியே பிதுங்கும், டின் மேசையில் நேராக நிற்காமல் ஆடும். மேலே, தூக்கித் திறக்கும் தாழ்ப்பாளைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். திறக்கும்போது கிழிய வேண்டும் என்பதற்காகவே அங்கே தகட்டை மெலிதாக்கியிருக்கிறார்கள். பெட்டிக்குள் செருப்புக் குதியோ, சார்ஜரின் பின்னோ அந்தக் கோட்டில் குத்தினால் டின் அங்கேதான் கசியும். ஊர் போய்ச் சேர்ந்து பார்க்கும்போது அடி பிதுங்கிய டின் இருந்தால் சூட்டோடு திறக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஓரிரவு வைத்து, சிங்க்கின் மேல் பிடித்து, முகத்தை விலக்கித் திறங்கள்.

குளிரும் டின்னைப் பிளக்கும். ஜனவரி டொரொன்டோவில் பெட்டி இறக்கி வெளியே காத்திருக்கும்போது வெப்பம் பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும். டின்னில் அதற்கு இடம் இல்லை. இதற்குத் துணியின் நடுவே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. துணி வெப்பத்தையும் தடுக்கும், குளிரையும் தடுக்கும்.

கட்டும் முறை

முதலில் தேர்வு. டின்னை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பாருங்கள். மேல் விளிம்பிலோ அடி விளிம்பிலோ நசுங்கல் இருந்தால் அதை வீட்டிலேயே குடித்துவிடுங்கள். நடு உடம்பில் சின்னக் குழி இருந்தால்கூட ஒதுக்குவது நல்லது. மடிந்த தகடு மறுபடி அடிபட்டால் கிழியும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கட்டக் கூடாது. குளிர்ந்த டின் வியர்க்கும். அந்த ஈரம் துணியை நனைத்து, அட்டைப் பெட்டியை நமத்துப்போகச் செய்யும். முந்தின நாள் ராத்திரியே வெளியே எடுத்து வையுங்கள்.

இரண்டிரண்டாக ஜிப்லாக் கவரில் போட்டு, மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றுங்கள். காற்றை அடைத்து மூடினால் அது மேலே போனதும் மூன்றில் ஒரு பங்கு விரிந்து, கவரின் ஜிப்பைத் தானே திறந்துவிடும். பிறகு டின் கசியும்போது கவர் இருந்தும் பயன் இல்லை. அதன் மேல் இன்னொரு கவர், வாய் எதிர்ப்பக்கம் இருக்கும்படி.

தாழ்ப்பாளைக் காப்பாற்ற, டின்னின் வாயளவுக்கு அட்டையில் வட்டம் வெட்டி மேலே வைத்து ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். அதன் பிறகு தடித்த சாக்ஸுக்குள் டின்னை இறக்கலாம். அளவாகப் பொருந்தும், டின்னோடு டின் மோதாது. பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடியை இறுக்கி, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் டேப் சுற்றுங்கள். பாட்டில் வெடிப்பது அரிது. மூடி வழியே சொட்டுவதுதான் அதன் நோய்.

பெட்டியின் அடியில் ஒரு கை அகலத்துக்குத் துணி. நடுவில் டின்கள். பக்கங்களிலும் மேலேயும் அதே அளவு துணி. சக்கரம் இருக்கும் பக்கத்தில் டின் வரக் கூடாது. பெட்டியை நிமிர்த்தித் தரையில் 'டம்' என்று வைக்கும் ஒவ்வொரு முறையும் அடி அங்கேதான் விழும். பெட்டியின் வெளிப் பாக்கெட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். மூடிய பிறகு பெட்டியைக் குலுக்குங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக் கூடாது.

ஊருக்குக் கொண்டுபோகும் குக்கரோ எவர்சில்வர் டப்பாவோ பெட்டியில் இருந்தால் டின்களை அதற்குள் அடுக்கத் தோன்றும். அடியிலிருந்து காப்பாற்றும் என்பது சரிதான். ஆனால் எக்ஸ்ரேயில் தடித்த உலோகத்துக்குள் திரவம் இருக்கும் உருண்டைகள் என்று தெரிந்தால் பெட்டியைத் திறக்காமல் விட மாட்டார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஒளிபுகும் கவரில், பிரித்துப் பார்க்கவும் திரும்ப வைக்கவும் வசதியாக இருந்தால், திறந்தாலும் கலைக்காமல் மூடிவிடுவார்கள்.

பட்டுப் புடவையோ வெள்ளை வேட்டியோ அந்தப் பெட்டியில் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் நூற்றில் ஒன்று கசியத்தான் செய்யும். 250 மி.லி. ரெட் புல்லில் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. பட்டில் காய்ந்தால் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும், ஜரிகை கறுக்கும். கசிந்துவிட்டால் காய விடாமல் அன்றே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள்.

எடையை மறக்க வேண்டாம். 250 மி.லி. டின் ஒன்று கிட்டத்தட்ட 275 கிராம். ஒரு டஜன் 3.3 கிலோ, இரண்டு டஜன் 6.6 கிலோ. உள்நாட்டு எகானமியில் பொதுவாகக் கிடைப்பது 15 கிலோ. அதில் கிட்டத்தட்டப் பாதியை இரண்டு டஜன் தின்றுவிடும். எடை கூடிவிட்டதே என்று கவுன்டரில் அவசரமாகப் பொருளை மாற்றும்போது பவர் பேங்க் கைப்பையிலிருந்து பெட்டிக்குப் போய்விடுவதுண்டு. அது பெரிய தவறு. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் இருக்கலாம்.

மதுவல்லாத பானத்துக்குச் செக்-இன் பெட்டியில் விமானப் பாதுகாப்பு விதிப்படி அளவுக் கட்டுப்பாடு கிடையாது. டின்களைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க வேண்டுமென்று உலர்பனி (டிரை ஐஸ்) போடுபவர்கள் மட்டும் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒருவருக்கு 2.5 கிலோதான். எங்களைக் கேட்டால், டின்னுக்காக உலர்பனி போடுவது வீண் வேலை. இறங்கிய பிறகு ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் ஆயிற்று.

மறுகரையில் கஸ்டம்ஸ்

சொந்தப் பயனுக்கான அளவு என்றால் பெரும்பாலான நாடுகளில் கேள்வி வராது. பெட்டி முழுக்க ஒரே பிராண்ட் என்றால் வியாபாரத்துக்கோ என்ற சந்தேகம் வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2017 அக்டோபரில் எனர்ஜி டிரிங்குக்கு 100 சதவீதக் கலால் வரி கொண்டுவந்தது. அங்கே பெட்டி பெட்டியாக இறக்கினால் அதிகாரிகள் கேட்பது நியாயம்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போகிறவர்கள் உணவுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் குறித்துவிடுங்கள். குறித்தால் பறிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். குறிக்காமல் மாட்டினால்தான் அபராதம்.

லேபிளை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி கலந்த பானங்கள் சில நாடுகளில் கடையில் சாதாரணமாக விற்கும். அதே பானம் சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் வழக்கு. 'தெரியாமல் கொண்டு வந்தேன்' என்பது அங்கே உதவாது.

ஆகாயத்தில் திறப்பதும் குடிப்பதும்

விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போது திறக்காதீர்கள். குலுக்கலும் குறைந்த அழுத்தமும் சேர்ந்து நுரை பொங்கும், பக்கத்து இருக்கைக்காரரின் லேப்டாப் வரை போகும். சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு, டின்னைப் பத்து நிமிடம் அசையாமல் நிறுத்தி வைத்து, மேலே டிஷ்யூ பேப்பரைப் போர்த்தி, தாழ்ப்பாளைப் பாதி மட்டும் தூக்குங்கள். 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகு முழுசாகத் திறக்கலாம். உறிஞ்சு குழாய் உள்ள பாட்டிலை மடக்கி வைத்திருந்தால் திறந்ததும் பீய்ச்சும். முதலில் மூடியைச் சற்றுத் தளர்த்தி வாயுவை விடுங்கள்.

எப்போது குடிப்பது என்பதை, நீங்கள் இறங்கும் ஊரில் எப்போது தூங்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உடம்பில் சேர்ந்த காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். இந்திய டின்னில் 250 மி.லி.க்கு அதிகபட்சம் 75 மி.கி. காஃபீன் இருக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 300 மி.கி. சென்னையில் இரவு பதினொன்றுக்குக் குடித்தால் விடியற்காலை நான்கு மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் இருக்கும். இரவு விமானத்தில் தூங்கிப் போக வேண்டியவருக்கு இது கெடுதல். காலையில் இறங்கி நேராக வேலைக்குப் போகிறவர், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் பயன் உண்டு.

அமெரிக்க டின்னை இங்கே பரிசாகக் கொண்டு வருகிறவர்கள் அளவைச் சொல்லிக் கொடுங்கள். 473 மி.லி. மான்ஸ்டரில் 160 மி.கி. இருக்கிறது. 355 மி.லி. செல்சியஸ் என்ற பானத்தில் 200. ரெய்ன் என்ற பானத்தின் ஒரு டின்னில் 300. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200, ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை பொதுவாகப் பாதுகாப்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. வழியில் குடிக்கும் ஃபில்டர் காபியும் டீயும் இந்தக் கணக்கில் சேரும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு வேண்டாம் என்று இந்திய லேபிளிலேயே போட்டிருக்கும். ரத்த அழுத்தமோ இதயத் துடிப்புப் பிரச்சினையோ உள்ளவர்கள் நீண்ட பயணத்தில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. விமானத்தில் தரும் மதுவோடு கலக்கவும் வேண்டாம். போதை ஏறியது தெரியாமல் மறைத்துவிடும். கேபினில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். ஒரு டின்னுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள்.

செக்யூரிட்டியில் நிறுத்திவிட்டால்

இவ்வளவும் தெரிந்தும் பையின் அடியில் மறந்த ஒரு டின் ஸ்கேனரில் தெரிந்துவிட்டது என்று வையுங்கள். பை தனியே ஒதுக்கப்படும். நீங்களே "ஒரு டின் இருக்கிறது" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தால் சோதனை சீக்கிரம் முடியும். நேரம் நிறைய இருந்து, செக்-இன் பெட்டியை இன்னும் ஒப்படைக்காமல் இருந்தால் மட்டும் திரும்பிப் போய் அதில் வைக்கலாம். வழியனுப்ப வந்தவர்கள் முனையத்துக்கு வெளியே நிற்பதால் அவர்களிடம் கொடுக்க முடியாது. வீணாகிறதே என்று அங்கேயே நின்று 350 மி.லி.யை ஒரே மூச்சில் குடிக்காதீர்கள், அதுவும் நள்ளிரவு விமானத்துக்கு முன்னால். மேசையில் வைத்துவிட்டு, ட்ரேயில் போனும் பாஸ்போர்ட்டும் விடுபடவில்லையா என்று பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள்.